கேட்டது வந்து தொலைந்தது

மனிதர்களில் மனுக்காரர் என்றொரு இனம் உண்டு. கஷ்டம் வந்ததால் மனு எழுதுகிறவர்களைச் சொல்லவில்லை, ஐயா, அவர்கள் பாவம். மனு எழுதுவதற்காகவே கஷ்டத்தைத் தேடிப் பிடிக்கிறவர்களைச் சொல்கிறேன்.

வேதசிரோமணி சாரை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே, மழை பெய்தால் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே அறையில் ஒண்டிக்கொள்ளும் ஓர் அரசுப் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் அரசாங்கம் கம்ப்யூட்டர் கொடுக்கப்போகிறது என்று எண்பத்து நாலில் பேப்பரில் ஒரு மூலையில் படித்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மாதம் தவறாமல் மனு. மனுவுக்கு ஒரு நினைவூட்டு. நினைவூட்டுக்கு இன்னொரு நினைவூட்டு. பழைய கடிதங்களின் தேதிகளை வரிசையாகப் போட்டே முதல் பக்கம் நிரம்பிவிடும், கம்ப்யூட்டர் என்ற சொல் அடுத்த பக்கத்தில்தான் தலைகாட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஆசிரியர் அறையில் உரக்க வாசிப்பார்.

"'ஏழை மாணவர்தம் எதிர்காலம் இருளில் தவிக்கிறது!' எப்படி இருக்கு?"

வாயில் மோர் சாதம் இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? தலையாட்டுவார்கள். சாருக்கு அது போதும்.

எண்பத்தெட்டு ஜூலையில் ஒரு நாள் பள்ளி வாசலில் வேன் வந்து நின்றது.

"சார், கம்ப்யூட்டர் கீது. எங்க எறக்கணும்?" என்றார் டிரைவர்.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதுக்கு?"

"இன்னா சார், நீதானே லெட்டர் மேல லெட்டர் போட்டுகினு இருந்தே? ஆபீஸ்ல பேஜாராயிட்டாங்க."

மூன்று நாள் சார் பெட்டியைப் பிரிக்க விடவில்லை. சோறு இறங்கவில்லை. இனி எதைக் கேட்பது? நாலாம் நாள் ஆண்டவர் வழி காட்டினார்: பெட்டி வைத்திருந்த அறையில் பிளக் பாயிண்டே இல்லை! சார் குதூகலமாகப் பேனாவுக்கு மை ஊற்றினார். இரண்டாவது பத்தியில் இருக்கும்போது கணக்கு டீச்சர் தையல்நாயகி எட்டிப்பார்த்தார்.

"சார், எங்க அண்ணன் முனிரத்தினம் எலக்ட்ரீஷியன். பாயிண்ட் போட வந்துட்டாரு. அரை மணி நேர வேலை."

"டீச்சர், முறைப்படி அனுமதி..."

"ஹெட்மாஸ்டர் சரின்னுட்டாரு சார். பசங்க இன்னும் எவ்ளோ நாள் காத்திருக்கும்?"

பாயிண்ட் போட்டதும் கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று தங்கள் பெயரை அடித்தார்கள். சார் கதவோரம் நின்றார், சொந்த வீட்டுக் கல்யாணத்தில் இலை கிடைக்காதவர் போல.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். "சார், நீங்க ஒண்ணு அடிங்க சார். நீங்கதானே எங்களுக்கு வாங்கித் தந்தீங்க."

சார் வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று அடித்தார். வேறென்ன அடிப்பார்? அந்தப் பெண் பெரிய பட்டனைத் தட்டினாள்.

'மிஸ்டேக்' என்றது கம்ப்யூட்டர்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. சார் கோபிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அவர் எழுதியதற்குக் கையோடு பதில் வந்தது அதுதான் முதல் தடவை.

"நகருங்கடா," என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். எரியவில்லை, எரியவில்லை என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தீர்களே, உங்கள் தெருவிளக்கு, அது போன வாரம் எரிந்தபோது உங்கள் முகம் எப்படிப் போயிற்று என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள்.