சித்திரபுரத்துச் சீல் போர்

வாழ்க மோகனசுந்தரன்! சித்தூர்த் தென்னஞ்சோலைகளிடையே தோன்றி, கணவாய்க் காற்றில் வளர்ந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளம் முழுவதையும் ஒற்றை மவுஸையே செங்கோலாகக் கொண்டு ஆண்ட பெருவேந்தன்! அறுந்த இணைப்புகளை ஒட்டியவன், காலாவதியான அறிவிப்புகளைக் களையெடுத்தவன், இதை எழுதுபவள் கட்டித்தந்த தயிர்சோற்றை மாலை நாலு மணிக்கு மேல் நினைவுகூரும் இயல்பினன்! அவன் புகழ் ஓங்குக!

துறைதோறும் தளத்தில் பக்கம் ஏற்றும் பொறுப்பு பெற்ற சிற்றரசர்கள் பலர் அவனுக்கு உண்டு. அவர்களிடம் ஒரு தொல்வழக்கு இருந்தது. அறிவிப்பைக் கணினியில் அடிப்பார்கள், அச்செடுப்பார்கள், இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, ஊதா மையில் வட்டச் சீல் குத்துவார்கள், பிறகு அந்தத் தாளை மேசையில் கிடத்திக் கைப்பேசியால் படமெடுத்து, படத்தைத் தளத்தில் ஏற்றுவார்கள். இதை ஒழிக்க வேந்தன் பயிற்சி முகாம் நடத்தினான், பருப்பு வடையும் படைத்தான். வடை தீர்ந்தது, வழக்கம் தீரவில்லை.

அந்நாளில் பல்கலைக்கழகத்தின் சித்திரபுரத்து மலைக்கிளை மையத்தின் பொறுப்பாளன், சீல்காத்த செம்மல் சூசையப்பன், மிச்சமிருந்த இடங்களுக்கான நேரடிச் சேர்க்கை அறிவிப்பை ஆனைமுடியையொத்த கனமுடைய படமாக, அதுவும் தலைகீழாக, ஏற்றி அமர்ந்தான். சற்றுநேரத்தில் தளத்தின் குறைகேட்புப் பெட்டியில் ஓர் ஓலம் எழுந்தது:

"சார், சுத்திக்கிட்டே கெடக்கு. மேலாப்புல சீல் மட்டும் தெரியுது, அதுவும் தலகீழா. சீட்டுக்கு நாளைக்கு வரணுமா, நாளான்னைக்கா? அம்மா லீவு சொல்லணும் சார். ராமலட்சுமி, மறையூருக்கு மேல எஸ்டேட்."

பதில் சொல்ல அவள் தொலைபேசி எண் இல்லை. படிவம் எளிதாகட்டும் என்று எண் கேட்கும் கட்டத்தை நீக்கியவன் வேந்தனே. அறிவிப்பை அவனே திருத்தவும் இயலாது. துறைப் பொறுப்பாளர் ஒப்புதலின்றி அத்துறைப் பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறலாகாது என்று சட்டம் இயற்றியவனும் அவனே. நாளைக் காலை பத்து மணிக்குச் சேர்க்கை. மலைச்சரிவில் ஒரு பெண்ணின் படிப்பு பாதி இறங்கிய படத்தில் தொங்க, தான் வடித்த வேல்களே தன் மார்பை நோக்கி வரக் கண்ட வீரனைப்போல் சினந்து, அவன் தொலைபேசியை எடுத்தான்.

"ஏனுங்க சூசையப்பன், எழுத்தாவே போடுங்கன்னு எத்தன வாட்டி சொல்றதுங்க?"

"எழுத்து யாரு வேணாலும் அடிக்கலாம் சார். சீல் என் டிராயர்லல்லா பூட்டிக் கெடக்கு! சீல் இல்லாத அறிவிப்ப எவன் நம்புவான்?"

"அந்தப் புள்ளைக்கு உங்க சீல் மட்டுந்தானுங்க தெரியுது!"

"பாத்தியளா, முக்கியமானது தெரியுதுல்லா!"

மதயானைக்கு எதிரே மதயானை நின்றது. தயிர்சோறு புளித்தது. பணிவதுபோல் பணிந்து வெல்லும் தந்திரத்தை அப்போது வேந்தன் கைக்கொண்டான்: படத்தை நிமிர்த்தி, அதன் தலைமாட்டில் நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் என நான்கே வரி அடித்து ஒப்புதலுக்கு அனுப்பினான்.

"சீல எடுக்கலைங்க. அது கீழ பத்திரமா இருக்குதுங்க."

நெடுமூச்சு ஒன்று மலையிலிருந்து இறங்கியது. "இருக்குல்லா? அப்ப சரி சார்." பொத்தான் அழுந்தியது.

அந்தி சாயும் முன் பெட்டியில் மறுமொழி விழுந்தது: "தெரிஞ்சிருச்சு சார்! மொத பஸ்ஸுக்கே வந்துருதேன்."

முழங்குக முரசம்! மறையூர்க் கரும்பெல்லாம் இனிக்க, மலைமகள் இடம்பெற்றாள். தாள்கள் படமாகும் இருண்ட யுகம் முடிந்தது. இனி எந்நாளும், எந்நிலத்தும், எத்துறையும் எழுத்தையே ஏற்றும் என்று எண்திசையும் பறைசாற்றி, வெற்றிவேந்தன் வெறும் வயிற்றோடு வீடு மீண்டான்!

போன மாதம் என் வீட்டுக்காரர் இறந்த செய்தியை அதே தளத்தில் போட்டிருந்தார்கள். முதலில் சீல்தான் வந்தது, நான் போனைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன்.