சர்வே சார் டிஸ்க் பிளேயர் வாங்கிய கதை

தூத்துக்குடியில் கப்பல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்கிய கப்பலை விற்க முடியாமல் தவித்தவர்களையும் தெரியும். அவர்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்ததைவிட, ஒரு டிஸ்க் பிளேயர் வாங்க அதிகம் யோசித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் சர்வே சார்.

அவருக்கு முறைப்படி ஒரு பெயர் உண்டு. நாசரேத்தில் ஞானஸ்நானம் கொடுத்த போதகருக்கு அது ஞாபகம் இருந்திருக்கலாம். துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்த சரக்கு ஒழுங்காக இருக்கிறதா, சரக்கு ஏற்றப்போகும் கப்பல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். அவர் ஏணியில் ஏறி வருகிறார் என்றால் கேப்டன்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் அவருக்குக் கீழே சில வருஷம் வேலை பார்த்தேன். எழுத வந்த பிறகும் மில்லர்புரத்தில் அவருக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறேன். தப்பிக்க வழியில்லை.

எந்தச் சரக்கானாலும் மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. மற்ற சர்வேயர்கள் இந்த முறையைத் துறைமுக வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சார் அதை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவார். பேக்கரியில் மக்ரூன் வாங்கினால் பாட்டிலின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று தின்று பார்ப்பார். யாராவது ஆத்தூர் வெற்றிலை வாங்கிவரச் சொன்னால், கட்டைப் பிரித்து நடு வெற்றிலையை உருவி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். இத்தனைக்கும் அவருக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது.

“நான் சாம்பிள் பாக்காம எடுத்துக்கிட்டது உங்க டீச்சர மட்டுந்தாம்லே” என்று முன்பெல்லாம் என்னிடம் சொல்வார்.

“நீங்க பாக்கல. நான் நல்லாப் பாத்துட்டுத்தான் சரின்னேன்” என்று அடுக்களையிலிருந்து உடனே பதில் வரும்.

சில வருஷமாக அடுக்களையிலிருந்து பதில் வருவதில்லை. டீச்சருக்குக் காது மந்தமாகிவிட்டது.

டீச்சர் என்பது சாரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுப் பேச்சுக்கு அது போதும். சினிமாவுக்குப் போதாது. “மிஷின மாட்டுனா பேச்சும் கேக்கு, மியூசிக்கும் கேக்கு, ஃபேனும் கேக்கு. எல்லாஞ் சேந்து ஒரே சந்தக்கடையா இருக்கு” என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். மற்றபடி எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார். பரீட்சை ஹாலில் சத்தமில்லாமல் வாயசைத்து விடை கேட்ட பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து வந்த தேர்ச்சி அது.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கம். முதலில் தியேட்டரில், பிறகு வீட்டு சோபாவில். காது போன பிறகு டீச்சர் சோபாவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். “நீங்க பாருங்க, எனக்கு முருங்கக்கீர ஆயணும்” என்று எழுந்து போய்விடுவார். சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் முருங்கைக்கீரை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சார் தனியாக உட்கார்ந்து படத்தைப் போடுவார். இடைவேளைக்கு முன்னாலேயே அணைத்துவிடுவார்.

“அவ இல்லாம படம் ஓட மாட்டேங்குலே” என்றார் ஒருநாள், வேலியோரம் நின்று. “எப்படியாவது அவள அந்த சோபாவுக்குக் கூட்டிட்டு வரணும்.” படத்துக்கு வெளியே அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் இன்டர்நெட்டில் ஸ்ட்ரீமிங் செய்து பார்த்தார்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அதைப் படித்துப் படம் பார்த்துவிடலாம் என்பது சாரின் திட்டம். தமிழ் டீச்சரை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“ஏங்க, அந்தம்மா ‘நாசமாப் போறவனே’ன்னு வாய் நெறைய ஏசுதா. கீழ ‘ஹவ் டேர் யூ’ன்னு எழுதியிருக்கான். இதுக்கு மார்க்கு கெடையாது” என்றார் டீச்சர். அடுத்த வரிக்கும் மார்க் போடவில்லை. அதற்கடுத்த வரிக்கு, எழுதிய பையனின் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். “எனக்கு எழுத்தே வேண்டாம். மூஞ்சி தெரியட்டும், ஒதடு தெரியட்டும். அது போதும், நான் பாத்துக்கிடுதேன்” என்று முடித்தார்.

அங்கேதான் சிக்கல். நம் படங்களில் முக்கியமான வசனத்தை எல்லாம் இருட்டில் நின்றுதான் பேசுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மில்லர்புரமே இன்டர்நெட்டில் உட்கார்ந்திருக்கும். இருட்டுக் காட்சி வந்ததும் கதாநாயகனின் முகம் உப்பளப் பாத்தி மாதிரி கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். உதடு எந்தப் பாத்தியில் இருக்கிறது என்று தேடுவதற்குள் அவன் செத்துப்போயிருப்பான். டீச்சர் கீரை ஆயப் போய்விட்டார்.

சார் முடிவு செய்தார். துல்லியமான படத்துக்கு டிஸ்க்தான். டிஸ்க்கும் போட வேண்டும், ஸ்ட்ரீமிங்கும் வர வேண்டும், இருட்டில் உதடு தெரிய வேண்டும். அப்படி ஒரு பிளேயர் வாங்குவது.

துறைமுகம் போகும் ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடை அண்ணாச்சி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், இப்ப யாரு டிஸ்க்கு போட்டுப் பாக்கா? எல்லாவனும் போன்லல்லா பாக்கான்! குடோன்ல ரெண்டு மாடல் கெடக்கு. வெலய பாத்துப் போட்டுத்தாரேன், எடுத்துட்டுப் போங்க.”

“வெல கெடக்கட்டும். ஜாயின்ட் சர்வே பண்ணணும்” என்றார் சார்.

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். விற்கிறவர் ஒருத்தர், வாங்குகிறவர் ஒருத்தர், நடுநிலையாக ஒருத்தர், மூன்று பேரும் நின்று சரக்கைச் சோதிப்பது. நடுநிலை நான்தான். அண்ணாச்சி தலையாட்டினார். பாவம், என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

கப்பலில் ஒரு சோதனை உண்டு. சரக்கறையின் மூடியை இறுக மூடிவிட்டு, சர்வேயர் உள்ளே கும்மிருட்டில் நிற்பார். எங்கேயாவது துளி வெளிச்சம் வந்தால், அங்கே கடல் தண்ணியும் வரும் என்று அர்த்தம். சார் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணாச்சி, ஷட்டர எறக்குங்க.”

“யாவார நேரம் சார்!”

“இருட்டு இல்லாம இருட்டு சீன எப்படிப் பாக்க?”

ஷட்டர் இறங்கியது. சார் கையில் டார்ச்சுடன் வெளிச்சம் வரும் இடத்தை எல்லாம் தேடினார். ஷட்டர் இடுக்கில் டிவி அட்டைப்பெட்டியைத் திணித்தார். ஜன்னலில் மிக்ஸி போஸ்டரை ஒட்டினார். கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்தில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது.

“சாமி வெளக்க மட்டும் அணைக்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி.

“அணைக்க வேண்டாம் அண்ணாச்சி. சாமிக்கு எரியட்டும். நமக்குத் தெரிய வேண்டாம்” என்று ஒரு குக்கர் பெட்டியை மரியாதையாகக் குறுக்கே வைத்தார் சார். பிறகு சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். டீச்சருக்குப் படம் எப்படி இருக்குமோ அப்படியே பார்க்க வேண்டுமாம். டிவியின் சத்தத்தையும் அடியோடு நிறுத்தினார்.

காதில் பஞ்சு வைத்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சார் இயல்பிலேயே கப்பல் தளத்திலிருந்து கரைக்குப் பேசிப் பழகியவர்.

முதல் பிளேயரின் தட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. “புது கிரேன் ஆப்பரேட்டர்!” என்று கத்தினார். சார் கொண்டுவந்த டிஸ்க்கில் இருட்டு சீன் ஓடியது. “கறுப்பு கறுப்பா இல்லியே! சாம்பலால்லா இருக்கு! இது நெலக்கரியா வந்திருந்தா எறக்கவே விட்டிருக்க மாட்டேன்!” என்று அதைத் தள்ளினார்.

இரண்டாவது பிளேயர் நிதானமாகத் தட்டை நீட்டியது. அதே டிஸ்க், அதே இருட்டு சீன். சார் டிவியின் முன்னால் மண்டி போட்டார். “மூஞ்சியக் காட்டு! திரும்பாத! ஒதட்டக் காட்டுலே, ஒதட்டக் காட்டு!” என்று திரையில் இருந்தவனை அதட்டினார். அவன் திரும்பினான். “ஆங்! இப்பத் தெரியுது! ஒளிச்சு வச்சது எல்லாந் தெரியுது!”

வெளியே ஷட்டரை யாரோ தடதடவென்று தட்டினார்கள். தூக்கிப் பார்த்தால் தெருவே நிற்கிறது. எதிர் டீக்கடைக்காரர் வடைக் கரண்டியோடு முன்னால் நின்றார். “உள்ள யாரப் போட்டு அடிக்கீய?” என்றார். பின்னாலிருந்து ஒருத்தர் “ரெய்டா அண்ணாச்சி?” என்று ஆசையாகக் கேட்டார்.

அண்ணாச்சி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரெய்டுன்னாக்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டானுவய்யா.”

சர்வே அதோடு முடியவில்லை. ஷட்டரைத் திறந்த பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, ஓடும்போது பிளேயர் உறுமுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். டீச்சருக்குத்தான் அது கேட்காதே என்றேன். “எனக்குக் கேக்கும்லா. நானும் பக்கத்துல இருந்து பாக்கணும்லா” என்றார். பழைய டிவிடிகளைப் போட்டுப் பார்த்தார். ஸ்ட்ரீமிங்கை வைஃபையில் ஒருமுறை, நேரடி வயரில் ஒருமுறை ஓட்டினார். வயரில் கொடுத்தால் கட்டம் குறைகிறது, ஆனாலும் இருட்டுக் காட்சிக்கு டிஸ்க்கை அது நெருங்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். நாங்கள் பிளேயரோடு கிளம்பும்போது அண்ணாச்சி எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். போய்விட்டோம் என்று உறுதி செய்துகொள்ள வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. நடுநிலை என்ற முறையில் எனக்கும் அழைப்பு. டீச்சருக்குக் காது நன்றாக இருந்த காலத்தில் அவர் பார்த்து அழுத படம் ஒன்றின் டிஸ்க்கை சார் தேடிப் பிடித்து வைத்திருந்தார். ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கியது. டீச்சரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தார்.

படம் தொடங்கியது. படமா அது, கண்ணாடி! கதாநாயகனின் மீசையை எண்ணலாம். டீச்சர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவன் பேசப் பேச இவர் தலையாட்டினார். சார் படத்தைப் பார்க்கவில்லை, தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

பிரியும் காட்சி வந்தது. அந்தி இருட்டு, மழை, படகுத்துறை. கதாநாயகி கண்ணீரோடு பேசுகிறாள். சார் வழக்கம்போல் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நானும் மூக்கை உறிஞ்சினேன்.

டீச்சர் பக்கென்று சிரித்தார்.

“ஏளா, என்ன சிரிப்பு?” என்று பதறினார் சார், அவர் பக்கம் திரும்பி.

“இந்தப் பிள்ள எங்க பேசுதா? ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’னு எண்ணிக்கிட்டுல்லா இருக்கா!”

எங்களுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. அந்தக் கதாநாயகி வடக்கேயிருந்து வந்தவள். தமிழ் தெரியாது. வாய் அசைய வேண்டுமே என்று ஒன்று, இரண்டு எண்ணியிருக்கிறாள். குரல் வேறு யாரோ கொடுத்தது. அன்றைக்குக் காதால் கேட்டு அழுத டீச்சருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. வில்லன் வந்தான். “இவன் தெலுங்கு” என்றார் டீச்சர். மாமனார் வந்தார். “இவரு எதையோ மெல்லுதாரு.”

சார் இடிந்துபோனார். மேலே, நடுவே, அடியில் என்று பிளேயரைப் புரட்டிப் பார்த்தவர், படத்தில் இருக்கிற வாய் பேசுகிறதா என்று பார்க்காமல் விட்டுவிட்டார். எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறதோ, அவ்வளவு துல்லியமாக அந்தப் பெண் எண்ணுவது தெரிந்தது. “சவம், இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்” என்று முனகிக்கொண்டு படத்தை அணைக்க எழுந்தார். அடுத்து முருங்கைக்கீரைதான் என்று எனக்குத் தோன்றியது.

டீச்சர் ரிமோட்டை எடுத்து, படத்தைப் பிரியும் காட்சிக்கே திருப்பிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.

“இருங்க. அவ ஃபைவ், சிக்ஸுங்கா. குரல்ல என்ன சொல்லுதா? அத நீங்க சொல்லுங்க.”

சார் உட்கார்ந்தார். டீச்சருக்கு உதடு தெரிய வேண்டுமே என்று திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. எழுந்து போய் ட்யூப்லைட்டைப் போட்டார். ஊரெல்லாம் இருட்டுத் தேடிய மனுஷன்! மறுபடி வந்து டீச்சருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

“‘உன்ன விட்டுட்டு...’ங்கா.”

“ம்.”

“‘உன்ன விட்டுட்டு நான் எங்க போவேன்’ங்கா. ‘நீ இல்லாத எடம் எனக்கு எடமே இல்ல’ங்கா.”

கேப்டன்களை நடுங்கவைத்த குரல் அது. இப்படி ஒரு வார்த்தையை அந்த மனிதர் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை என்று சத்தியம் செய்வேன். ‘ங்கா’ என்று கதாநாயகியின் தலையில் போட்டுச் சொன்னதற்கே காது வரைக்கும் சிவந்துபோனார். டீச்சர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாத் தெரியல. இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

டீச்சருக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். நான் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. உள்ளே அவர் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த முறை ‘ங்கா’ இல்லாமல்.