நீலம் போன பீக்கர்

‘மார்ச் 11, செவ்வாய். இன்று பொடி போட மறந்துவிட்டேன். ஆனாலும் நீலம் போய்விட்டது.’

ஆய்வகக் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டு, அடிப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தான் நானோ. ஆறடி உயரத்துக்காகத் துறையில் அவனுக்குக் கேலியாக வைத்த பெயர் அது.

நீலச் சாயம் கலந்த தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய நானோ துகள் பொடியைத் தூவி, விளக்கடியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். ஒளி பட்டதும் பொடி சாயத்தைச் சிதைக்கும், தண்ணீர் தெளியும் என்பது அவனுடைய ஆய்வு. ஐந்து வருடமாக எந்தப் பொடியைச் செய்தாலும் தண்ணீர் நீலமாகவே இருந்தது. இன்று பொடியே போடாமல் சாப்பிடப் போய்த் திரும்பினால், பளிங்காய்த் தெளிந்திருக்கிறது.

அதற்குள் பேராசிரியர் பீக்கரைப் பார்த்துவிட்டார்.

“தொண்ணூத்தெட்டு சதவீதம் போயிருக்கும்போல. மதிப்பீட்டுக் குழுவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடறேன்.”

“சார், அதுல ஒரு சின்ன...”

“சின்னதுதான்யா நம்ம துறையே.”

வீட்டில் மனைவி தன் அப்பாவின் கேள்வியோடு காத்திருந்தாள்.

“இந்த மாசமாவது பட்டம் வருமா, இல்ல எங்கப்பாவோட பெயின்ட் கடையில உக்காரப் போறீங்களா? சாயத்தைப் பத்திதான் உங்களுக்கு எல்லாம் தெரியுமே.”

புதன்கிழமை மறக்காமல் பொடி போட்டான். பொடி போட்டால் எப்போதும் ஒட்டும் ‘தொட வேண்டாம்’ சீட்டையும் பீக்கரில் ஒட்டினான். இரண்டு மணி நேரம் ஆகியும் நீலம் அசையவில்லை. பொடியை இரண்டு மடங்காக்கினான். நீலத்தோடு கலங்கலும் சேர்ந்துகொண்டது.

“குழு சாப்பிட்டுட்டு வர்றப்போ தெளிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்” என்றார் பேராசிரியர்.

வியாழக்கிழமை அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“சார், அன்னிக்கு நான் பொடியே போடல.”

பேராசிரியர் கொஞ்சமும் அதிரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொடியே இல்லாம வேலை செய்யுற வினையூக்கி. உலகத்துலயே யார்கிட்டயும் இல்ல. தலைப்பை மாத்திடு.”

“அப்ப பொடியைப் பத்தி எழுதின நாலு அத்தியாயம்?”

“பின்னிணைப்புல போடு.”

மாலைக்குள் புதிய தலைப்பு குழுவுக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. நானோ விளக்கடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆய்வகத்தைச் சுத்தம் செய்கிற அக்கா வாளியோடு உள்ளே வந்தார்.

“என்ன தம்பி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?”

“நாளைக்குத் தண்ணி தெளியலன்னா அஞ்சு வருஷமும் போச்சுக்கா. செவ்வாக்கிழமை மட்டும் தெளிஞ்சுது. ஏன்னுதான் புரியல.”

“அதுவா? சீட்டு ஒட்டாத பீக்கரை நான் கழுவிடுவேன். காலியா வச்சா தேடுவியேன்னு நல்ல தண்ணி பிடிச்சு வச்சேன்.”

நானோ எழுந்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“அக்கா, இது நம்ம சாருக்குத் தெரிஞ்சா...”

“தெரியாமலா? அவரு பட்டம் வாங்கின பீக்கரையே நான்தானே கழுவினேன். நாளைக்கும் குழு சாப்பிடப் போனதும் வந்து கழுவச் சொல்லியிருக்காரு.”