மூன்றாம் மாடியில் வேர்க்கிறார்கள்

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் உத்தமன் கையில் ஒரு பாத்திரத்தோடு வாசலில் நின்றார். பாத்திரத்தில் இட்லி மாவு பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது.

"இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க மேடம்."

சுப்புலக்ஷ்மி மோந்து பார்க்கவில்லை. தலையில் துண்டு, நெற்றியில் வேர்வை, முகமெல்லாம் சிவப்பு. அப்போதுதான் பால்கனியில் வைத்திருந்த வேர்க்கும் பெட்டியை விட்டு வெளியே வந்திருந்தார்.

"மாவு புளிச்சிருக்கு. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"காலையில ஆட்டின மாவு. மத்தியானமே பொங்கிடுச்சு. எங்க கிச்சன் உங்க பால்கனிக்கு நேர் கீழே. உங்க ஹீட்டர் சூடு சுவர் வழியா இறங்குது."

"சூடு மேலதான் சார் போகும். கீழ இறங்காது. ஐஸ்க்ரீம் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவ சொல்றேன்."

"இது நாலாவது கம்ப்ளெயின்ட். எழுதி வச்சிருக்கேன்."

"அஞ்சாவதுக்கும் இடம் விட்டு வையுங்க," என்று சொல்லிவிட்டு சுப்புலக்ஷ்மி கதவைச் சாத்தினார்.

ஈஜிபுராவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தப் பழைய கட்டடத்தில், ஏப்ரல் மாதத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்து வேர்ப்பதற்கென்றே மெஷின் வாங்கியவர் அவர் ஒருவர்தான். காரணம் இருந்தது. ஐஸ்க்ரீம் கம்பெனியின் குளிர் அறையில், கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு பெட்டி எண்ணி அடுக்கியே அவருடைய விரல்கள் இறுகிப்போயிருந்தன. வலது மோதிர விரல் மடங்குவதையே விட்டுவிட்டது. ஒருமுறை புது மெஷின் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். தங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு மர அறை இருக்கும், அதற்குள் கரண்ட் அடுப்பில் கல்லைச் சூடாக்கி உட்காருவோம், அதற்குப் பெயர் சானா என்று போட்டோ காட்டினார். குளிர் மெஷின் விற்கிறவன் வீட்டிலேயே சூட்டு அறை இருக்கிறது என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று சுப்புலக்ஷ்மி அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். மார்ச் மாதம் ரிட்டயர் ஆனதும் நேராகக் கடைக்குப் போனார்.

கணவர் பாலசுப்ரமணியன் கடை வாசல் வரை வாதாடினார்.

"ஊர்ல மனுஷன் வேர்க்கக்கூடாதுன்னு ஏசி வாங்கறான். நீ வேர்க்கறதுக்கு வாங்கறே."

"என் வேர்வை. நான் வாங்கிக்கறேன்."

கடைக்காரர் மூன்று கிலோவாட், நாலரை, ஆறு என்று மூன்று ஹீட்டர்களைக் காட்டினார். மூன்றே போதும் என்றார் பாலசுப்ரமணியன். சுப்புலக்ஷ்மி பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிப் பார்த்தார். "கதவு கண்ணாடி. அதுவழியா சூடு வெளிய போகும். நாலரை குடுங்க," என்றார். குளிர் அறைக்குப் போடுகிற கணக்கைத் திருப்பிப் போட்டால் இது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கடைக்காரர் அதன்பிறகு அவரிடம் மட்டும்தான் பேசினார்.

இரண்டு பேர் நெருக்கி உட்காரும் மரப்பெட்டி மேற்குப் பார்த்த பால்கனியில் ஏறியது. எலக்ட்ரீஷியன் மஞ்சுநாத் இரண்டு நாள் வேலை செய்தான். இரண்டாம் நாள் கம்பெனியில் பிரிவு உபசார விருந்து. சுப்புலக்ஷ்மி திரும்பி வந்தபோது மஞ்சுநாத் போய்விட்டிருந்தான். பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. வெளியே சிறு பலகையில் பச்சை எழுத்தில் 80 டிகிரி என்று மின்னியது.

"என்ன சொல்லிட்டுப் போனான்?"

"ஆயித்துன்னான். முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார் பாலசுப்ரமணியன். ஆரணியிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கன்னடத்தில் அவருக்குச் சரளமாக வந்தது தலையாட்டுவது மட்டும்தான்.

"வேற?"

"கல்லு மேல இப்ப தண்ணி ஊத்த வேணாம்னான். அப்புறமும் நிறையப் பேசினான். நான் சரின்னுட்டேன்."

அடுத்த நாள் மூன்று மணிக்கு சுப்புலக்ஷ்மி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்தாவது நிமிஷம் நெற்றி நனைந்தது. இருபதாவது நிமிஷம் முதுகெல்லாம் ஆறாக ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, சமையலறையில் நின்று, வலது கையை மெதுவாக மடக்கிப் பார்த்தார். மோதிர விரல் உள்ளங்கையைத் தொட்டது. அவர் அதைத் திறந்தார், மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதில் வேர்வை எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அன்று முதல் அந்தப் பெட்டி அவருக்குக் குழந்தை மாதிரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லையெல்லாம் எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, கம்பிகளுக்கு நடுவே காற்றுப் போகும்படி திரும்ப அடுக்கினார். உட்காரும் பலகையை ஈரத்துணியால் துடைத்து, மரம் காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்தார்.

மூன்றாம் நாள் கட்டடம் முழுக்க கரண்ட் போனது. மணி மூன்று பத்து.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த அஷ்வத், சாஃப்ட்வேர்காரன், படியேறி வந்தான். "ஆன்ட்டி, க்ளையன்ட் கால்ல இருந்தேன். பாதியில கட். உங்க சானாதான் டிரிப் பண்ணுதுன்னு உத்தமன் சார் சொல்றார்."

அடுத்தவன் வேலையைக் கெடுப்பானேன் என்று சுப்புலக்ஷ்மி நேரத்தை ஒரு மணிக்கு மாற்றினார். இரண்டு நாள் கழித்து ஒன்றே காலுக்குக் கரண்ட் போனது. ஐந்து வீட்டில் கரண்ட் குக்கரில் சோறு பாதி வெந்து நின்றது. ஒருவன் மட்டும் கோபமாக இருந்த கட்டடத்தில் இப்போது ஐந்து குடும்பம் கோபமாக இருந்தது.

மறுபடி மூன்று மணிக்கே திரும்பினார். எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்தால் சிக்கல் இருக்காது என்று நினைத்து, வாட்ஸ்அப் குழுவில் தினமும் தகவல் போட ஆரம்பித்தார்: "இன்று சானா நேரம் 3.00 – 3.45. ஒத்துழைப்புக்கு நன்றி."

அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. அதுவரை எப்போது குறை சொல்வது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி ஆனது. சரியாக மூன்று மணிக்குக் குழு கலகலக்கும். மூன்று ஒன்றுக்கு ஒருவர் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றும். மூன்று இரண்டுக்கு இன்னொருவர் வீட்டு டிவி மங்கும். மூன்று ஐந்துக்கு முதல் மாடி வீணாவின் துளசிச் செடி வாடும். உத்தமன் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்றேகாலுக்கு முனகும்.

ஒரு வியாழக்கிழமை சுப்புலக்ஷ்மி வழக்கம்போலத் தகவலைப் போட்டுவிட்டு, பெட்டிக்குள் போகாமல், பஸ் ஏறி சிவாஜிநகருக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். ரஸல் மார்க்கெட் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது மணி மூன்றடித்தது. கைப்பையில் போன் துள்ள ஆரம்பித்தது. ஃபேன், டிவி, துளசி, ஃப்ரிட்ஜ். நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தார். மாட்டினீர்களா எல்லாரும்!

அதை உடனே சொல்லிவிடவில்லை. சரியான இடத்தில் போடலாம் என்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

அந்த இடம் சீக்கிரமே வந்தது. கட்டடத்தின் படிகளைப் பெருக்கித் துடைக்கும் சின்னத்தாயி ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். தோள்பட்டை பிடித்துக்கொண்டு வாளியைத் தூக்க முடியாமல் தவித்தார். சுப்புலக்ஷ்மி அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பெட்டியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நாலு நாளில் சின்னத்தாயி ஒரே கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

அதை உத்தமன் பார்த்துவிட்டார்.

"மேடம், இது ரெசிடென்ஸ். வேலை செய்யறவங்கல்லாம் வந்து வேர்க்கறதுக்கு இடமில்ல."

"மூணு மாடி படி துடைச்சு வேர்த்தா பரவாயில்ல. உக்காந்து வேர்த்தாதான் தப்பா?"

"சங்கத்துல பேசித்தான் ஆகணும்."

"பேசுங்க. ஆனா என் வீட்டுக்குள்ள யார் வேர்க்கணும்னு சங்கம் முடிவு பண்ண முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. பொருள் ஒன்றே ஒன்று: மூன்றாம் மாடி ஹீட்டரை ஏழு நாளைக்குள் அகற்ற வேண்டும். உத்தமன் குறைகளைப் படித்தார். இருபத்தேழு இருந்தன.

சுப்புலக்ஷ்மி எழுந்தார்.

"போன வாரம் வியாழக்கிழமை மூணு மணிக்கு உங்க ஃப்ரிட்ஜ் முனகிச்சா சார்?"

"முனகிச்சு. டைமோட எழுதியிருக்கேன்."

"வீணா, துளசி?"

"வாடிடுச்சு ஆன்ட்டி."

"அன்னிக்கு நான் வீட்டுலயே இல்ல!" சுப்புலக்ஷ்மி போனைத் தூக்கிக் காட்டினார். "சிவாஜிநகர்ல இருந்தேன். துணிக்கடை பில் இருக்கு. பெட்டி பூட்டிக் கெடந்தது. எல்லாம் உங்க மனப்பிரமை!"

அஷ்வத் தலையைக் குனிந்துகொண்டான். உத்தமன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"சுப்பு," என்றார் பாலசுப்ரமணியன். "அன்னிக்கு... உள்ள நான் இருந்தேன்."

சுப்புலக்ஷ்மி மெதுவாகத் திரும்பினார்.

"நீ வெளிய போறப்பல்லாம் நான் உக்காருவேன். இடுப்பு வலி சுத்தமாப் போயிடுச்சு. சொன்னா கேலி பண்ணுவியேன்னு சொல்லல."

சுப்புலக்ஷ்மியின் ஒரே சாட்சியத்தைக் கட்டிய புருஷனே காலி செய்துவிட்டார். உத்தமனுக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா! எங்க ஃப்ரிட்ஜ் பொய் சொல்லாது!"

"நான் ஒண்ணு சொல்லட்டா?" சின்னத்தாயி துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். "இன்னா பெரிய தப்பு பண்ணிட்டாங்க அந்தம்மா? ரெண்டு வருசமா தோளைத் தூக்க முடியல எனக்கு. ஆசுபத்திரிக்கு அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சேன். அந்தக் கல்லு சூட்டுலதான் சரியாச்சு. அதைப் புடுங்கிப் போட்டீங்கன்னா, உங்க படியை நீங்களே தொடைச்சுக்குங்க."

"ஓட்டுக்கு விடலாம்," என்றார் உத்தமன். "அகற்றணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. எட்டு, ஒன்பது. அஷ்வத் மட்டும் பாதிக்கையைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"இறக்கிடாதீங்க, நல்லா தூக்கியே வையுங்க," என்றார் சுப்புலக்ஷ்மி. "நானும் ஒரு தடவை எல்லார் முகத்தையும் பார்த்துக்கறேன். முப்பத்தோரு வருஷம் நான் குளிர்ல நின்னேன். உங்க வீட்டுப் பிறந்தநாளுக்கெல்லாம் வந்த ஐஸ்க்ரீமை இந்தக் கைதான் அடுக்குச்சு. அப்ப ஒருத்தரும், ஐயோ இந்தம்மாவுக்குக் குளிருதேன்னு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதல. இப்ப தினம் முக்கால் மணி நேரம் நான் சூடா உக்கார்றது உங்களுக்குப் பொறுக்கல." வலது கையை உயர்த்தி, எல்லார் கண்ணெதிரிலும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முஷ்டியாக்கினார். "இதைப் பாருங்க. இது மடங்குது. கழட்ட மாட்டேன். கரண்டை வெட்டினா கோர்ட்டுக்குப் போவேன். இன்னிக்கும் மூணு மணிக்கு உக்காரத்தான் போறேன். சின்னத்தாயியும் வருவாங்க. இவரும் வருவாரு, இனிமே ஒளிஞ்சுக்காம."

"வருவேன்," என்றார் பாலசுப்ரமணியன், எழுந்து நின்று.

"அப்ப நாங்க மெயின் சுவிட்சையே இறக்குவோம்!" உத்தமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நாலரை கிலோவாட் ஹீட்டர் மூணு வாரமா இந்தக் கட்டடத்தையே வாட்டுது!"

"வாட்டட்டும்!"

இருவரும் கிட்டத்தட்ட மூக்கோடு மூக்கு நின்றபோது கேட் திறந்தது. தோளில் கனமான வயர் சுருளும் கையில் கருவிப் பையுமாக மஞ்சுநாத் உள்ளே வந்தான். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, சுப்புலக்ஷ்மியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஸ்வல்ப லேட் ஆயித்து மேடம், பேஜார் பண்ணிக்காதீங்க. சார்கிட்ட அன்னிக்கே கன்னடத்துல சொன்னேனே, லைட்டுக்கும் டிஸ்ப்ளேக்கும் மட்டும்தான் லைன் குடுத்திருக்கேன், அதுல தெரியற 80 வெறும் செட்டிங்தான்னு... தடி வயர் இப்பதான் கிடைச்சுது, இன்னிக்கு ஹீட்டருக்கும் கனெக்‌ஷன் குடுத்துடலாமா?"