சக்கரவர்த்தியின் மூக்கு மச்சம்

அரசு அருங்காட்சியகத்தில் அசல் காசு எது, போலி எது என்று சொல்லும் பொறுப்பு இருபத்தாறு வருடமாக ஒரே பரிசோதகரிடம் இருந்தது. அவர் கையால் தடவி, கண்ணால் பார்த்துச் சொல்லுவார். கையையும் கண்ணையும் கோப்பில் இணைக்க முடியாது என்பதால், துறையின் நலன் கருதி அம்முறை கைவிடப்பட்டது.

இனி ஒவ்வொரு ரோமானிய வெள்ளிக் காசும் 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி'யோடு ஒத்துப்போக வேண்டும். மாதிரிகள் மொத்தம் ஐந்து. இயக்குநர் வெளிநாடு போனபோது, பொம்மையும் சாவிக்கொத்தும் விற்கிற கடையில், தன் பொன்னான கையால் பொறுக்கி எடுத்தவை.

பரிசோதகர் அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விளிம்பைச் சுற்றி, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடியது. எழுத்தெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு, ஐந்து காசிலும் சக்கரவர்த்தியின் மூக்கு நுனியில், அதே இடத்தில், அதே அளவில் ஒரு புடைப்பு.

இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அஞ்சுமே போலி. அசல் காசைச் சம்மட்டியால அடிச்சுச் செஞ்சாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. இது ஒரே அச்சுல உருக்கி ஊத்தினது. அச்சுல காத்துக்குமிழி இருந்திருக்கு. அதான் எல்லா மூக்குலயும் இந்தப் புடைப்பு."

"அது மச்சம்," என்றார் இயக்குநர். "ராஜா ஒருத்தர், மூக்கு ஒண்ணு. அஞ்சு காசும் மாத்தாம சாட்சி சொல்லுது. உங்க பெட்டியில எத்தனை இருக்கு?"

"முப்பத்தெட்டு."

"மச்சம்?"

"ஒண்ணுலகூட இல்ல சார்."

"எடை ஒண்ணா இருக்கா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். வட்டமும் கோணல்தான். விளிம்பு வெடிச்சிருக்கும். அடிச்ச அடி அப்படி. அதுதான் சார் அசலுக்கு அடையாளம்."

"கோணல், வெடிப்பு, எடை சரியில்ல, மச்சமும் இல்ல. இதைப் போய் அசல்னு சொல்ல உங்களுக்கே கூச்சமா இல்லையா?"

முப்பத்தெட்டும் போலி என்றும், வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உருக்கப்படும் என்றும் மறுநாளே ஆணை வந்தது.

இதற்குள் மச்சச் செய்தி பத்திரிகையில் வந்து ஊரே பற்றிக்கொண்டது. வங்கி மேலாளர் முதல் பல் மருத்துவர் வரை மூக்கு நுனியில் ஒட்டுமச்சம். இயற்கையாக மச்சம் உள்ளவர்கள், அது இடம் தவறி இருப்பதாக வருத்தப்பட்டார்கள். பள்ளி ஆசிரியையான பரிசோதகரின் மனைவியும் ஒட்டிக்கொண்டுதான் அன்று சோறு பரிமாறினாள்.

"என்னங்க, தட்டுல கையே வைக்கலையே?"

"ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்குத் தாங்கல."

"தப்புத்தப்பா எழுதின பரீட்சைப் பேப்பரை நாங்க கிழிச்சா போடறோம்? இப்படி எழுதக் கூடாதுன்னு அடுத்த வகுப்புக்குக் காட்ட எடுத்து வைப்போம்."

பரிசோதகர் துள்ளி எழுந்தார்.

'மேற்படி முப்பத்தெட்டும் போலிகளில் தலைசிறந்தவை என்பதால், பயிற்சியாளர்கள் போலியை இனங்காண ஏதுவாக அவற்றைப் பேணிக் காக்கலாம்' என்று குறிப்பு எழுதினார். "இப்பத்தான் வழிக்கு வந்தீங்க," என்று இயக்குநர் கையெழுத்திட்டார். முப்பத்தெட்டு உறையிலும் 'போலி' என்று பரிசோதகர் தன் கையாலேயே எழுதினார். எழுதும்போது அழுகை வந்தது. காசு பிழைத்ததே என்று தேற்றிக்கொண்டார்.

இயக்குநர் ஓய்வு பெற்றதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். இயக்குநருக்கோ பதவி நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. வாயைத் திறந்தால் காசு உலைக்குப் போகும். எனவே வருகிற பயிற்சியாளர்களுக்கெல்லாம், "வெடிப்பு, கோணல், மச்சமின்மை" என்று அந்த முப்பத்தெட்டும் இருந்த இழுப்பறையைக் காட்டியே பாடம் நடத்தினார். நன்றாக நடத்தினார் என்பதுதான் கொடுமை.

கடைசியில் முதலில் ஓய்வு பெற்றது அவர்தான். விழாவில் இயக்குநர் உள்ளங்கை அகல வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கையில் கொடுத்து முழங்கினார்: "போன மாசம் ஒரு வயல்ல அறுபது காசோட பானை கிடைச்சுது. இவர் மாணவர்கள் டீ ஆறறதுக்குள்ள அத்தனையும் போலின்னு கண்டுபிடிச்சிட்டாங்க!"

"உங்க இழுப்பறையில பழகின கண்ணு சார். ஒண்ணுகூடத் தப்பல," என்றான் மூத்த மாணவன்.

பரிசோதகர் அவன் பக்கம் திரும்பினார். "அதையும் பயிற்சிக்கு வச்சிருக்கீங்கல்ல?"

"அதான் ஏற்கெனவே முப்பத்தெட்டு இருக்கே சார். உருக்கிட்டோம். உங்க கையில இருக்கே, அதுதான்!"

அரங்கம் கைதட்டியது. அறுபது காசையும் தானே உலையில் போட்டதாக அவருக்குப் பட்டது. போட்டதும் அவர்தான். பழக்கதோஷத்தில் விரல் பதக்கத்தின் விளிம்பைத் தடவியது. சுற்றிலும் கோடு. நடுவில் அவருடைய முகம், மூக்கு நுனியில் மச்சம்.

மேடையேறிய மனைவி ஆசையாகக் கேட்டாள்: "என்னங்க, அசல் வெள்ளியா?"

"அசல்தான். இதைவிட அசல் கிடைக்காது."

படம் எடுக்க வந்தவர் பதக்கத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தயங்கினார். "சார், பதக்கத்துல மச்சம் இருக்கு, உங்க மூக்குல இல்லையே. பார்க்கிறவங்க உங்களைப் போலின்னுடுவாங்க."

மனைவி தன் மச்சத்தை உரித்து நீட்டினாள். இருபத்தொன்பது வருட அனுபவமுள்ள பரிசோதகர், மறுபேச்சில்லாமல் மூக்கைக் காட்டினார்.