வெட்டுக்கிளிப் பெட்டியும் ஆர்வில் புரூயிட்டின் தொப்பியும்

ஆர்வில் புரூயிட் எனக்குத் தரவேண்டிய கூலி நூற்று எண்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். ஒன்றரை மாதச் சம்பளம். அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. பணம் உண்மையிலேயே காற்றில்தான் போயிருந்தது, டாக்டர் ஸ்ட்ரௌட்டின் பெட்டி வழியாக.

அந்த ஜூலை மாதம் நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் வெட்டுக்கிளி மக்காச்சோளத்தைத் தின்றது, கதவு வலையைத் தின்றது, கொடியில் காய்ந்த என் சட்டையின் காலரையும் தின்றது. அப்போதுதான் டாக்டர் ஸ்ட்ரௌட் வந்து சேர்ந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார், போதாதா?

மாவட்ட நீதிமன்றப் புல்வெளியில் கூட்டமான கூட்டம். நடவு நேரத்தில்கூட வீட்டைவிட்டுக் கிளம்பாத சோம்பேறிகள் அறுபது மைல் கார் ஓட்டி வந்தார்கள். மாதாகோவில் பெண்கள் ஆப்பிள் பை விற்றார்கள். நடுவில் மேசை, மேசைமேல் கறுப்புப் பெட்டி, அதில் மூன்று திருகுகளும் ஒரு பச்சை விளக்கும்.

வேலை சுலபம். எங்கள் ஊரில் பைபிள் இல்லாத வீடு இருக்கலாம், விமானத்திலிருந்து எடுத்த தன் பண்ணையின் படத்தைச் சுவரில் மாட்டாத வீடு கிடையாது. அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். டாக்டர் அதைப் பெட்டிக்குள் செருகித் திருகைத் திருப்பி, வயலில் என்ன இருக்கிறது என்று பெட்டியிடமே கேட்டுச் சொல்வார். பச்சை விளக்கு எரியும். பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் வயலுக்குக் கதிர் பாயும். வெட்டுக்கிளி சாகும். ஏக்கருக்கு ஒரு டாலர்.

"எங்க டிராக்டருக்கு அடியில நாலு செத்துக் கெடந்துச்சுப்பா!" என்று ஒருவர் சாட்சி சொன்னார். கூட்டம் கைதட்டியது. டிராக்டர் ஏறினால் டாக்டர் ஸ்ட்ரௌட்டும்தான் செத்துக் கிடப்பார். ஆனால் இந்த யோசனை எனக்கே அப்போது வரவில்லை. ஏனென்றால் நானும் பெட்டியின் பக்தன்.

அதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் சொன்ன வழி வேறு. தவிட்டில் வெல்லப்பாகும் விஷமும் கலந்து, விடிவதற்குள் வயல் ஓரமெல்லாம் தூவவேண்டும். தூவுவது யார்? புரூயிட்டா? கிளீட்டஸ் ஆகிய நான். காது, மூக்கு எல்லாம் தவிடு. பெட்டி வந்தால் நான் ஆறுமணி வரை தூங்கலாம். மனுஷனுக்கு நம்பிக்கை பிறக்க இதைவிட என்ன வேண்டும்?

புரூயிட்டுக்கு நூற்று அறுபது ஏக்கர். நூற்று அறுபது டாலர். தூரத்து வயலுக்குக் கதிரை நீட்ட இருபத்தேழரை டாலர் கூடுதல். அதுதான் என் கூலி.

"எங்கடா போயிடும் பணம்? அறுப்பு முடியட்டும், ரெட்டிப்பாத் தர்றேன்" என்றார்.

"நாளைக்கு பூட்ஸ் வாங்கணும் மொதலாளி. இதப் பாருங்க, வெரல் தெரியுது."

"வெரல எண்ணிக்கிட்டு இரு. அறுப்பு வந்துரும்."

பல்கலைக்கழகத்தின் ஆளாக எங்கள் மாவட்டத்தில் இருந்தவர் மிஸ் ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட். விவசாயிகளுக்குத் துண்டறிக்கை கொடுப்பார், பெண்களுக்குக் காய்கறியைப் போத்தலில் அடைக்கக் கற்றுத் தருவார். அதனால் ஆண்கள் அவருக்கு வைத்த பெயர் ஊறுகாய் டீச்சர். அவரிடம் மக்களுக்கு ஒரே குறை. எதைக் கேட்டாலும் "மண்ணப் பொறுத்தது, மழையப் பொறுத்தது, இன்னும் ரெண்டு வருஷம் சோதிக்கணும்" என்பார். பெட்டியோ அரை நிமிஷத்தில் பச்சை விளக்கு போடுகிறது. எதை நம்புவார்கள்?

அன்று புல்வெளியில் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்டார்: "டாக்டர், ஒவ்வொரு வயல்லயும் பத்து வரிசைய மட்டும் கதிர் படாம விட்டுவைங்க. அறுக்கும்போது ரெண்டையும் எடை போட்டுப் பாத்துரலாம்."

"கதிரு அம்மா இது! வேலியப் பாத்து நிக்கிறதுக்கு மாடா? பக்கத்துலயும் கசியத்தான் செய்யும்."

கூட்டம் சிரித்தது. ஊறுகாய் டீச்சர் முகம் சிவந்தது.

மறுநாளே அந்தக் கசிவுக்கும் விலை வந்துவிட்டது. பணம் கட்டாதவர்கள் வீட்டுக்கெல்லாம் டாக்டர் பில் அனுப்பினார்: 'தங்கள் வயலில் கசிந்த கதிருக்கு, ஏக்கருக்கு ஐம்பது சென்ட்.' பாதிப் பேர் கட்டியும்விட்டார்கள்!

அந்த வாரம் குளிர்ந்த மழை பெய்தது. வெட்டுக்கிளி கொஞ்சம் குறைந்தது. பெட்டிக்கு ஜே! பக்கத்து மாவட்டத்திலும் குறைந்தது. அங்கேயும் கசிந்ததாம். பிறகு வெயில் வந்தது, மிச்சமிருந்த வெட்டுக்கிளிகளும் பசியோடு வந்தன. இரண்டாம் தவணை கட்டவேண்டுமாம்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டாக்டர் மாவட்ட மன்றத்துக்கு ஒரு மனுப் போட்டார். ஊறுகாய் டீச்சரின் அலுவலகத்துக்கு மாவட்டம் வருஷம் மூவாயிரம் டாலர் கொடுக்கிறது. அதை நிறுத்திவிட்டு, பாதியை மட்டும் தனக்குக் கொடுத்தால் மாவட்டம் முழுக்கவும் கதிர் பாய்ச்சுகிறாராம். மூன்று பேர் கொண்ட மன்றத்துக்குத் தலைவர் யார்? என் மொதலாளி ஆர்வில் புரூயிட்.

"ஆயிரத்தைந்நூறு மிச்சம்டா கிளீட்டஸ்!" என்றார்.

மிஸ் ஆர்டிஸ் எங்கள் களத்துக்கே வந்து விளக்கினார். "ஆர்வில், இது சட்டம். வாஷிங்டன் ஒரு டாலர் போட்டா, மாநிலமும் நாமளும் சேந்து ஒரு டாலர் போடணும். நீங்க கைய இழுத்தா வாஷிங்டனும் இழுத்துக்கும். அப்புறம் பல்கலைக்கழகம் கண்டுபிடிச்சதச் சொல்ல இந்த மாவட்டத்துக்கு ஆளே வராது. நான் பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"அதான் ஒரு பெட்டி வந்திருக்கே, அது போதும்" என்றார் புரூயிட். தன் நகைச்சுவைக்குத் தானே தொடையில் அறைந்துகொண்டார்.

அவர் மனைவி ஹேஸல் இதைச் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குப் போத்தலில் அடைக்கும் பானையின் அழுத்தமானியைச் சோதித்துத் தந்தது ஊறுகாய் டீச்சர்தான். அது பழுது என்று தெரியாமல் இருந்திருந்தால் போன வருஷம் பானை வெடித்துக் கூரை போயிருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து மொதலாளி வைக்கோல் பரணுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஹேஸல் மிஸ் ஆர்டிஸின் கேமராவோடு வந்தாள்.

"கிளீட்டஸ், ஒன் கூலி வேணுமா வேணாமா?"

"வேணும்மா."

"அப்ப வாய மூடிக்கிட்டு ஏணியப் பிடி."

பிடித்தேன். மேலே ஏறிப் போனாள். கிளிக் என்றது. கீழே மொதலாளியின் தொப்பி வைக்கோலில் உருண்டு கிடந்தது.

தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து விவசாயி தொப்பியைக் கழற்றுவது அபூர்வம். முகம் செங்கல் நிறம், தொப்பிக் கோட்டுக்கு மேலே முட்டை நிறம். அந்த மேல்பாகத்தைக் கட்டிய மனைவி பார்த்திருப்பாள், முடிவெட்டுகிறவர் பார்த்திருப்பார். புரூயிட்டை முடிவெட்டுகிறவரும் பார்த்துப் பல வருஷமாயிற்று. வேலை இல்லையே! மாதாகோவிலில் அவர் கடைசி பெஞ்சில் உட்காருவதன் மர்மமும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. நீதிமன்ற மண்டபத்தில் நிற்க இடமில்லை. மிஸ் ஆர்டிஸ் எழுந்து அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"டாக்டர், படத்தப் பாத்தே வயல்ல என்ன இருக்குன்னு பெட்டி சொல்லும்னீங்க. இது ஒரு படம். இந்த மாவட்டத்துல உள்ளதுதான். சரியாச் சொல்லிட்டா இந்தச் சாவிய நானே உங்ககிட்டத் தர்றேன்."

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். வெளிறிய நிலம், மூன்று பக்கமும் கறுப்பாக ஓர் ஓரம். தலையாட்டிக்கொண்டார். படத்தைச் செருகினார். திருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அடடா, மோசமான நெலம். மூணு பக்கமும் காத்துத் தடுப்பு மரம் நிக்கிது, அதுலயும் பாதி பட்டுப்போச்சு."

ஹேஸல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல ஒரு பயிர்கூட இல்ல. வேர்ப்புழு. முப்பது வருஷமாத் தின்னுருக்கு."

"இருபத்தஞ்சு" என்றாள் ஹேஸல், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"வடகெழக்கு மூலையில ஒரு மேடு தெரியுதே, அது எறும்புப் புத்து. உழுது தள்ளணும்."

"ஐயோ பாவம், யாரு நெலமோ!" என்று என் மொதலாளி உச்சுக்கொட்டினார். "தேறுமா டாக்டர்?"

"மூணு தவணை கதிரு போதும். மேல கொஞ்சம் மாட்டுச்சாணம் போட்டுக் கொத்தி விடணும். அடுத்த வருஷம் ஏக்கருக்கு எண்பது புஷல் சோளம். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்!"

போட்டும் கொடுத்துவிட்டார். மிஸ் ஆர்டிஸ் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டார்.

"ஹேஸல், நெலத்தக் காட்டும்மா."

ஹேஸல் மேடையேறினாள். மன்றத் தலைவரின் தொப்பியை ஒரே பிடுங்காகப் பிடுங்கினாள்.

மண்டபமே எக்கிப் பார்த்தது. வெளிறிய நிலம். மூன்று பக்கமும் காற்றுத் தடுப்பு. வடகிழக்கு மூலையில் மரு. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஆர்வில்! மொதல்ல எங்க உழப்போற?"

அப்புறம் எழுந்த சிரிப்பில் நீதிமன்றக் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"கதிரு... கதிரு அந்தப் பக்கமிருந்து கசிஞ்சு..." என்றார் டாக்டர்.

"எந் தலையிலயா மாட்டுச்சாணம் போடச் சொன்ன?" புரூயிட் பெட்டியைத் தூக்கித் தரையில் போட்டார். மூடி தெறித்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பச்சை விளக்குக்கு ஒரு பாட்டரி. எதிலும் சேராத ரெண்டு கம்பி. பாதி தின்ற பன்றிக்கறி சாண்ட்விச். அதன்மேல் வரிசை போட்டு எறும்பு.

பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வெட்டுக்கிளியைக் கொல்லும் பெட்டிக்குள் எறும்பு குடும்பம் நடத்துகிறது!

"அது வேற வகைப் பூச்சிங்க" என்றார் டாக்டர். ஷெரீப் அவர் தோளில் கைபோட்டு, அன்பாகத்தான், ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் பணம் போட்டு வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்து, ரசீது காட்டியவர்களுக்கெல்லாம் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ரசீது வாங்காமல் நம்பிக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். நல்ல பாடம். கொஞ்சம் விலை கூடுதல்.

வாக்கெடுப்பு மூன்றுக்குப் பூஜ்யம். மூவாயிரமும் மிஸ் ஆர்டிஸின் அலுவலகத்துக்கே. புரூயிட் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு கை தூக்கினார்.

"மிஸ் ஆர்டிஸ், இப்பவாவது சொல்லுங்க, தவிடு தூவுனா வெட்டுக்கிளி போயிடுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மழையப் பொறுத்தது" என்றார் அவர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பெருமூச்சு விட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கவேண்டும்.

அறுப்பில் எங்கள் வயல் ஏக்கருக்கு இருபத்திரண்டு புஷல் கொடுத்தது. நேரம் கடந்து தூவிய தவிடு அவ்வளவுதான் காப்பாற்றியது. மொதலாளி தலை வழக்கம்போல் ஒன்றும் கொடுக்கவில்லை.

என் கூலியோ வாக்கெடுப்பன்றே வந்துவிட்டது. மண்டப வாசலில் வைத்து ஹேஸல் எண்ணச் சொன்னாள், மொதலாளி எண்ணினார். நூற்று எண்பத்தேழு டாலர். கடைசியாக ஒரு அரை டாலர் நாணயம்.

"ரெட்டிப்புன்னு சொன்னீங்களே மொதலாளி?"

"அது கசிஞ்சு போச்சுடா."

சரி, கணக்குத் தீர்ந்தது. நேரே போய் பூட்ஸ் வாங்கினேன். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த வெள்ளைக் கோட்டு வரும்போது, பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். அதற்குக் கீழேயும் ஒரு நிலம் இருக்கிறது. ரொம்ப நாளாய்த் தரிசு.