செவலைப் பசுவும் ஏழாம் வகுப்பு மலையாளமும்

மீனாட்சிபுரம்,
ஜூலை 2

உடும்பஞ்சோலையில் தானும் ஐந்து மணிக்கு எழுந்து ஊரையும் எழுப்பிவிடும் மரியாதைக்குரிய நங்கை அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி கலாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர், மாடு அனைவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் சுகம் என்றே நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க, சரிங்க" என்பேன், வைத்த பிறகுதான் எதற்கெல்லாம் சரி சொன்னேன் என்று தெரியும். அதனால் கடிதம்.

மே மாதம் வந்திருந்தபோது, பள்ளி திறந்ததும் இந்த வீட்டுக்குப் புதுப் பழக்கங்கள் வேண்டும் என்று ஓர் அட்டவணை எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். காலை ஐந்தேகாலுக்கு எழுவது, அரை மணி நேரம் உரக்கப் படிப்பது, ஓடாமல் நடந்துபோய்ப் பஸ் பிடிப்பது, இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபடி அன்று கற்றதைப் பேசுவது. ஜூன் முழுவதும் பார்ப்பீர்கள், கோகுல்நாத்தின் மலையாளம் தேறவில்லை என்றால் ஜீப்பில் வந்து அவனை அழைத்துப்போய் அங்கேயே ஏழாம் வகுப்பில் சேர்த்துவிடுவீர்கள் என்பது ஏற்பாடு. உங்கள் தம்பி அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே "கூட்டிட்டுப் போக்கா, உருப்பட்டாச் சரி" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மாதம் முடிந்துவிட்டதால் கணக்கை ஒப்பிக்கிறேன்.

ஒன்றாகச் சாப்பிடுவது முதல் நாளே தொடங்கியது. "இன்னிக்கு என்னடா கத்துக்கிட்டே?" என்று உங்கள் தம்பி அதிகாரமாகக் கேட்டார். பள்ளி திறப்பு விழாவில் மிட்டாய் கொடுத்தார்கள், பலூன் கொடுத்தார்கள் என்றான் பையன். "நீங்க என்னங்கப்பா கத்துக்கிட்டீங்க?" என்று பத்தாம் வகுப்புக்காரி கிருத்திகா திருப்பிக் கேட்டாள். அவருக்கு அன்று முழுக்க எதுவும் கற்ற நினைவு வரவில்லை. மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு அவருக்குப் பால் சொசைட்டியில் தவறாமல் வேலை வந்துவிடுகிறது. அட்டவணையில் சரிக்குறி போடும் பொறுப்பைக் கிருத்திகாவிடம் கொடுத்தேன். அவள் ஜூன் முப்பது வரைக்கும் முதல் வாரத்திலேயே போட்டு முடித்து, "எப்படியும் போடத்தானேம்மா போறேன்" என்றாள். அட்டவணைப்படி பார்த்தால், நங்கை, நாங்கள் கேரளத்திலேயே ஒழுங்கான குடும்பம்.

உரக்கப் படிப்பது மட்டும்தான் உண்மையில் நடந்தது. வீட்டுக்குள் படித்தால் கோகுல் மூன்றாம் வரியில் தூங்கினான். அதனால் கட்டுத்தறியில் பால் கறக்கும் அப்பா பக்கத்தில் நின்று படிக்கட்டும் என்று நான்தான் அனுப்பினேன். அந்தத் தவறு என்னுடையது. அவன் மலையாளப் புத்தகத்தில் ஆற்றைப் பற்றிய பாடத்தை எடுத்தான். அன்று காலை செவலை அரை லிட்டர் அதிகம் கறந்தது. நான்காம் நாள் ஒரு லிட்டர். பத்தாம் நாள் ஒன்றரை. இத்தனை வருடமாகப் பையன் எந்த வகுப்பு என்பதையே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இப்போது ஐந்து மணிக்கே அவன் தலைமாட்டில் நிற்கிறார். "எந்திரி சாமி, படிப்பு முக்கியமல்லோ!" ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பக்ரீத் விடுமுறையன்றும் உண்டு.

நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங்க, கன்னு போட்டு அஞ்சு வாரம், பால் ஏறுற காலமுங்க. மழை பேஞ்சு பச்சைப்புல்லு வேற கெடைக்குது. அதுக்கும் பாடத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன். "நீ வந்து பதினேழு வருசமாச்சு புள்ளே. உன்ற எம்.எஸ்ஸி. என்னைக்காச்சும் ஒரு ஆழாக்குப் பால் கூடக் குடுத்துச்சா?" என்றார். மூன்று நாள் படித்தும் மூன்று நாள் படிக்காமலும் கறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். "அந்த மூணு நாளுப் பாலுக்கு சொசைட்டில போயி நீ பதில் சொல்றியா?" என்றார். சோதனை அத்துடன் முடிந்தது.

இதற்கிடையில் பையன் அந்தப் பாடத்தை முடித்துவிட்டு, "அடுத்த பாடம் போலாமுங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறான்.

"அடுத்தது என்ன பாடம்?"

"காட்டுக்குள்ள ஒரு யானை வருதுங்க."

"வேண்டாஞ் சாமி, செவல பயந்துக்கும். நீ ஆத்தையே படி."

கணக்கு வாய்ப்பாட்டை ஒருநாள் முயன்றார்கள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் செவலை உதைத்துவிட்டது; அந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆக, ஜூன் மாதம் முழுவதும் ஒரே ஆறுதான் ஓடியது. நடுவில் பையனுக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் படுத்தான். உங்கள் தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே புத்தகத்தைப் பிடித்தார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர், மலையாள எழுத்து கூட்டிக் கூட்டி வருவதற்குள் செவலை வாளியைக் கவிழ்த்துவிட்டது. அன்றிலிருந்து பையனுக்கு வேளைக்கு ஒரு கோழிமுட்டை. கிருத்திகா தனக்கும் கேட்டாள். "நீ படிச்சா மாடு கறக்குமா?" என்று கேட்டுவிட்டார். அவள் இரண்டு நாளாக அப்பாவோடு பேசவில்லை, அவர் இன்னும் கவனிக்கவில்லை.

பஸ் விஷயம். இப்போதெல்லாம் தவறவிடுவதே இல்லை. ஐந்து மணியிலிருந்து விழித்திருப்பதால் ஏறியதும் தூங்கிவிடுகிறான். இரண்டு தடவை பள்ளிக்கூடத்தைத் தாண்டி அடுத்த ஊரான சித்தூர் வரை போய்விட்டுத் திரும்பினான்.

போன வாரம் மலையாளம் நடத்தும் நிமி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னாராம், இவன் புத்தகத்தைப் பார்க்காமலே முழுவதையும் சொன்னானாம். "உச்சாரணம் நல்லதாணு அம்மே. பக்ஷே நடுவில நடுவில 'காலெடு, நில்லு செவல, ஹோ ஹோ'ன்னு சொல்லுது. அது எந்தப் பேஜில உண்டு?" என்று கேட்டார். அப்பா சொல்வதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறான். அந்தப் புத்தகத்தின் மற்றப் பாடங்களில் ஒன்றுகூடத் தெரியாது. மலையாள மாதத் தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது. போன வருடத்தைவிட நான்கு கூட. இதற்குத் தேறியது என்று பெயரா, தேறவில்லை என்று பெயரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் சொல்வதற்கு முன் இதையும் கேளுங்கள். அக்கா வருகிறார்கள், பையன் துணிமணியை எடுத்து வைக்கட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். உங்கள் தம்பி எழுந்தே நின்றுவிட்டார். "அவன அனுப்பிச்சுட்டு? செவலைக்கு யாரு படிப்பா? அதெல்லாம் ஆகாது, அக்காகிட்டச் சொல்லிப்போடு" என்றார். மகன் என்பதற்காகச் சொல்லாததை மாட்டுக்காகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதற்காகச் சொன்னால் என்ன, சொன்னாரே என்று உள்ளே போய்க் குழம்பைக் கிளறினேன். ஆகவே இந்த வருடம் ஜீப் அனுப்ப வேண்டாம். காரணம் செவலை. நீங்கள் மாடு வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவர், தட்ட மாட்டீர்கள் என்று தெரியும்.

அண்ணாவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் யாரும் எழுப்பாமலே எழுந்து, மாடில்லாமலே படித்து, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கலாமணி

பின்குறிப்பு: உங்கள் தம்பி கொழிஞ்சாம்பாறை போயிருப்பதால் இன்று மாலைப் பால் என் தலையில் விழுந்தது. உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்த்துவிடலாம் என்று கடிதத்தை எதிரிலிருந்த தூணில் செருகி, கறந்துகொண்டே உரக்கப் படித்தேன். மலையாளம் கிடையாது, ஆறு கிடையாது, பையன் பள்ளியிலிருந்து இன்னும் வரவே இல்லை. முக்கால் லிட்டர் அதிகம். உங்களைப் பற்றி வரும் இடங்களில் நன்றாகவே சுரந்தது. ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாதுதான். நாளைக்கும் படித்துப் பார்க்க வேண்டும், அதனால் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் தம்பியிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். செவலைக்குப் பையன் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது, அவனை இங்கே வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. இருந்தாலும் அனுப்புவதாக இல்லை.